தறிக்காரி தொண்டைக்கு ஒரு ஹெட்போன்

பல்லடத்துப் புவனாவுக்குத் தறிக்குடோனில் வேலை. நாள் முழுக்கத் தடதடவென ஓடும் தறிகளுக்கு நடுவே நின்று, "இழை அறுந்துபோச்சு, நிறுத்துங்க!" என்று கத்திக் கத்தியே தொண்டை அப்படிப் பழகிவிட்டது. அவள் ரகசியம் சொன்னால் பக்கத்துத் தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு இருக்கிற ஒரே ஆசை, மகளைத் தூங்க வைத்துவிட்டுப் போனில் ஆடுகிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. கூட்டாளி ரம்லா. அதே குடோனில் வேலை பார்த்து, கல்யாணமாகி மதுக்கரைக்குப் போனவள். இப்போதெல்லாம் இருவரும் வாய்விட்டுப் பேசுவது அந்த விளையாட்டுக்குள் மட்டும்தான். வீடோ ஒற்றை அறை. கணவன் அருள்குமார் விடியுமுன் முட்டை வண்டி எடுக்கிறவன். தினமும் தூக்கம் கெட்டதில் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டான்.

"இன்னொருக்கா என்னைய எழுப்புனீன்னா, அந்தக் கேமையே அழிச்சுப்போடுவேன் பாத்துக்க."

ஆட்டம் போனால் ரம்லாவும் போய்விடுவாள்.

மறுநாளே கடைக்குப் போய், குறைந்த விலையில் காதை இறுக்கி மூடுகிற ஹெட்போனாகத் தேடி எடுத்தாள். தறிக்காரிக்கு வேறென்ன தோன்றும்? சத்தத்தை அடைக்க வேண்டும், அவ்வளவுதானே! அன்றைக்கு மாட்டியதும் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆகா என்று ஆட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்திலேயே அருள்குமார் எழுந்து உட்கார்ந்திருந்தான். மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதுல ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வராதுங்களே!"

அவன் போனைக் கொடு என்று கையை நீட்டினான். "நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்கங்க மாமா" என்று கெஞ்சிக் கூத்தாடித் தப்பித்தாள்.

மறுநாள் ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே திரும்பப் போனாள். அங்கே விற்பனைக்கு நின்ற சாய்ப்ரியா, அதைக் காதோரம் வைத்துப் பார்த்தாள். வெளியே சத்தம் கசியவே இல்லை.

"மாட்டிக்கிட்டு, வெளையாடறப்பப் பேசற மாதிரியே பேசுங்க்கா."

புவனா மெதுவாகத்தான் சொன்னாள். "ரம்லா, செவுத்துக்குப் பின்னால ஒருத்தன் நிக்கறான்!"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருவர் பயந்துபோய்ச் சுவருக்குப் பின்னால் எட்டியே பார்த்துவிட்டார்.

அடக் கடவுளே! காது அடைத்ததும் தொண்டை அதைத் தறிக்குடோன் என்று நினைத்துக்கொண்டது. வீட்டை எழுப்பியது போனில்லை, இவள்தான். புவனாவுக்கு வெட்கத்தைவிட ஆச்சரியமே அதிகம். அப்புறம் கடையில் இருந்ததையெல்லாம் மாற்றி மாற்றி மாட்டி, எதில் தன் குரல் தனக்கே கேட்கிறது என்று பேசிப் பேசிப் பார்த்தாள். கடைசியில் பிடித்துப்போனது, காதின் மேல் பஞ்சு மட்டும் லேசாக உட்காருகிற, இருப்பதிலேயே மலிவான ஒன்று.

"சவுண்டைக் கொறச்சு வெச்சுக்கங்க்கா, போதும்" என்றாள் சாய்ப்ரியா.

அன்றிரவு தன் குரலைத் தானே கேட்டுக் கேட்டு அடக்கிக்கொண்டு ஆடினாள். "என்னடி, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று ரம்லாவே கேட்டாள். மகள் புரண்டுகூடப் படுக்கவில்லை. ஆட்டம் முடிந்து ஹெட்போனைக் கழற்றினால், இருட்டில் அருள்குமார் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். போச்சு, எல்லாம் போச்சு என்று புவனா போனை எடுத்து நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒண்ணுமே கேக்கலையே அம்மணி! செயிச்சீங்களா இல்லையா? அதச் சொல்லிப்போடு, நான் தூங்கோணும்."