அடிச்சிறகு

கொக்கண்ணன் தூக்குச் சட்டியைத் தோளில் மாட்டி ஏணியில் கால் வைத்தாரென்றால், மறுபடி மண்ணை மிதிப்பது சாயங்காலம்தான். அடுக்குமாடி எழும்பும் இடத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறார். கொக்கியை இறக்குபவர் என்று கொக்கியண்ணன் ஆனார். பறவைக் கிறுக்கு பிடித்த பிறகு கொக்கி கொக்காகிவிட்டது.

ஊரார் அண்ணாந்து பறவையின் வயிற்றைப் பார்ப்பார்கள். இவருக்குப் பழக்கமானது முதுகு. காலையில் கிரேனைச் சரிபார்த்துக் குறிக்கும் சோதனைத் தாள்களின் பின்பக்கமெல்லாம் அவர் வரைந்த காக்கை முதுகும் புறா முதுகும்தான்.

மூன்று நாளாகக் கிரேன் கையின் நுனியில் ஒரு வல்லூறு வந்து உட்காருகிறது. சாம்பல் முதுகு, மிளகாய்ப் பழமாய்ச் சிவந்த கால். தும்பியைக் கண்டால் கல் விழுந்தாற்போல் கீழே பாயும். அவர் வரைந்து அனுப்பியதைப் பார்த்ததும் பறவைச் சங்கத்து டீச்சர் போன் செய்தார்.

"அண்ணா, இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு வருஷா வருஷம் இங்க வரும். இன்னொண்ண இந்தப் பக்கம் யாருமே பாத்ததில்ல. முதுகு ரெண்டுக்கும் ஒண்ணுதான். இறக்கைக்கு அடியில வெள்ளையா இருந்தா இது அந்தப் புதுசு. சொல்லுங்க, உங்க பேர்லயே பதிவு பண்ணிடறேன். நாளைக்கெல்லாம் கிளம்பிடும்."

"அடியில நான் எங்கம்மா பாத்தேன்? அது எனக்குக் கீழதானே பறக்குது."

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை விட்டால், அவர் பேர் வேறெந்தப் பதிவிலும் ஏறியதில்லை. அதுவும் ஏழாம் வகுப்போடு சரி.

தரையிலிருந்து சைகை காட்டும் சிக்னல்காரர் சங்கதி கேட்டு, வாக்கி டாக்கியில் சிரித்தார். "வெள்ளைன்னு சொல்லிட்டுப் போண்ணே. வல்லூறு வந்து சாட்சியா சொல்லப் போகுது?"

"கொக்கிக்குக் கீழ ஆள் இல்லன்னு, நீ பாக்காமலே சொல்லுவியா?"



மதியச் சங்கு ஊதியது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாகக் கொக்கண்ணன் சாப்பாட்டு வேளையில் இறங்கி வந்தார். சட்டியைத் திறக்கவில்லை. நேராக மணல் குவியலுக்குப் போய், தலைக்கவசத்தைத் தலைக்கு வைத்து மல்லாந்தார்.

"என்னண்ணே, மயக்கமா?" சிக்னல்காரர் ஓடி வந்தார்.

"வெளிச்சத்த மறைக்காத. தள்ளி நில்லு."

நெஞ்சின்மேல் சோதனைத் தாள். அதில் கீழேயிருந்து பார்த்தாற்போல் ஒரு வல்லூறு, வெறும் கோட்டில். இறக்கை இரண்டையும் நிரப்பாமல் விட்டிருந்தார். இடக்கையால் வெயிலை மறைத்து, வலக்கையில் பென்சிலைப் பிடித்தபடி, கண் கொட்டாமல் தன் கிரேனின் நுனியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.