மண் கலந்த உப்புக்கு ஒரு நோட்டீஸ்

1993ஆம் ஆண்டு மே மாதம் ஐந்தாம் தேதி, புதன்கிழமை. அக்னி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள். அப்பா வழக்கம்போல் விடிவதற்கு முன்பே சைக்கிளில் உப்பளத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டார். அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டாள், கூழைக் கரைத்தாள், வெங்காயம் உரித்து வைத்தாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் குழாயடியில் நின்று குடிதண்ணீர் பிடித்துவருவது என் வேலை. அதையும் முடித்தேன். கூழ் குடிக்க உட்கார்ந்தபோது வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதன் தலையில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. முன்சீட்டிலிருந்து மாமா இறங்கினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாண்டிச்சேரியில் ஜவுளிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் நோட்டீஸ் வாசகம் எழுதிக் கொடுப்பதும், அதையே மைக்கில் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகப் போவதும் அவர் தொழில். அம்மாவுக்கு அவர்மேல் நம்பிக்கை கிடையாது. ஓர் ஆடித் தள்ளுபடியில் அவர் மைக்கில் சொன்னதைக் கேட்டு அவள் வாங்கிய சேலை முதல் துவைப்பிலேயே சாயம் போனது. பேசுகிறவன் தன் தம்பி என்று தெரிந்தும் வாங்கிவிட்டோமே என்பதுதான் அவள் கோபத்தில் முக்கால் பங்கு.

இந்தமுறை அவரை வரச் சொன்னது அப்பா. மரக்காணம் உப்பளத்தில் சில பாத்திகளை நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்தோம். உப்பு விளைந்ததும் நீளக்கோலில் பொருத்திய பலகையால் அதை வரப்புப் பக்கம் இழுத்துச் சேர்க்க வேண்டும். பலகை மேலோடு வரவேண்டும். தரையைத் தொட்டால் அடியிலிருக்கும் களிமண்ணும் கூடவே வந்துவிடும். எதிர்பாராமல் பெய்த ஒரு கோடை மழையில் தரை இளகிக் கிடந்தது. உள்ள உப்பும் கரைந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரமாக வாரியதில், வரப்பில் குவித்த அம்பாரம் மங்கலான பழுப்பு நிறத்தில் நின்றது. லாரி வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். கருவாடு போடுகிறவர்களும் வேண்டாம் என்றார்கள். இன்னொரு மழை வந்தால் அம்பாரம் தண்ணீராகிவிடும். அப்படிப் போனால் குத்தகைப் பணம் கட்ட முடியாமல் அடுத்த ஆண்டு அந்தப் பாத்திகள் வேறொருவர் கைக்குப் போகும். வீட்டில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லாததால் இது எனக்கும் தெரிந்திருந்தது.

மாமா ஒரு கட்டு மஞ்சள் நோட்டீசையும், கயிறு கோத்த சின்னச்சின்ன வெள்ளைத் துணிப்பைகளையும் இறக்கினார். அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள். தம்பியின் வாயால் கேட்டால் மயக்கிவிடுவான் என்பது அவள் எண்ணம். நான் வாசித்தேன்:

"உங்கள் அம்மா வைத்த குழம்பின் ருசி இப்போது ஏன் வருவதில்லை? மிஷின் தொடாத, மருந்து கலக்காத, வெளுக்காத உப்பு. விளைந்த மண்ணோடு வரும் பழுப்பு உப்பு. மரக்காணத்தில் ஒரே ஓர் அம்பாரம். தீர்ந்தால் தீர்ந்ததுதான்."

"விளைஞ்ச மண்ணோடவா? சேறுடா அது," என்றாள் அம்மா.

"மண்ணுன்னுதானக்கா போட்டிருக்கேன்."

"வெளுக்காததுன்னு போட்டிருக்க."

"நீங்க வெளுத்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அம்மா நோட்டீசை வாங்கி, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தாள். ஒரு பொய் கிடைத்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பாள். கிடைக்கவில்லை. "ஒரு பொய்யும் இல்லாம எப்படிடா இது இவ்ளோ பொய்யா இருக்குது?" என்றாள்.

"பையில போட்டா மட்டும் மண்ணு எங்க போயிடும்?" என்று அப்பா கேட்டார்.

"எங்கயும் போகாது. நாம ஏன் அதை ஒளிக்கணும்?" என்றார் மாமா.

உப்பளத்தில் பைகளை நிரப்பி ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் தெற்கே போனோம். அப்பா பாத்தியில் தங்கிவிட்டார். தம்பியைத் தனியே விட மனமில்லாமல் அம்மா ஏறினாள், அம்மாவோடு நானும். வழியெல்லாம் அம்மா அவரைக் குடைந்துகொண்டே வந்தாள். "ஏன்டா, எடுத்த எடுப்புல கேள்வியா போட்டிருக்க?"

"நாம சொன்னா அது நம்ம பேச்சுக்கா. கேட்டா, அவங்க மனசுல வர்ற பதில் அவங்க பேச்சு. தன் பேச்சை எவ சந்தேகப்படுவா?"

பொம்மையார்பாளையத்தில் வேப்பமர நிழலில் டெம்போ நின்றது. மாமா மைக்கில் பேசினார். பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள், பையைத் தொடவில்லை. அம்மாவின் சந்தேகம் எனக்கும் தொற்றியிருந்தது. டம்ளர் தண்ணீரில் ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கி, ஓரமாக வைத்துக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் சேறு படிந்தது. எல்லோருக்கும் முன்னால் அதைத் தூக்கி மாமாவிடம் காட்டினேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ டம்ளரைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார்.

முன்னால் நின்ற ஒரு பெண்மணி, "ஏம்பா, மண்ணு மாதிரி இருக்குதே?" என்றார்.

"மாதிரி இல்லீங்க, மண்ணேதான். நீங்க வாங்குற கடை உப்பைக் கரைச்சு வச்சா அடியில என்னங்க நிக்கும்?"

"ஒன்னும் நிக்காது."

"அந்த ஒன்னுமில்லாததுக்கா இத்தனை நாளா காசு குடுத்தீங்க?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமா மைக்கை அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினார். "அக்கா, உங்க வீட்டுல எந்த உப்பு? உள்ளதச் சொல்லு, போதும்."

"நாங்க... வீட்டுல இதத்தான் போடுறோம்," என்றாள் அம்மா.

அது உண்மை. யாரும் வாங்காததால் ஒரு வாரமாக நாங்கள் அதைத்தான் கரைத்து, துணியில் வடிகட்டிக் குழம்பில் ஊற்றினோம். வடிகட்டியதை மாமா கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் தன் குரல் தெருமுனைவரை போனபோது, வேறு யாரோ பேசியதைப் போல அம்மா திரும்பிப் பார்த்தாள். அதற்குள் கைகள் நீளத் தொடங்கிவிட்டன.

பெரிய முதலியார்சாவடிக்குப் போனபோது சில பைகளே மிச்சம். ஆரோவில்லில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிற அக்கா ஒருவர் ஓடிவந்தார். "எங்க வீட்டம்மாவுக்கு எதுவும் வெள்ளையா இருந்தாலே புடிக்காதுங்க. அடுத்த வாரமும் கொண்டாருவீங்களா?"

"இல்லீங்க. ஒரே அம்பாரம்தான்," என்று மாமா முகத்தைத் தொங்கப்போட்டார். இல்லை என்றதும் அந்த அக்கா கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். எதிரே மளிகைக்கடை வைத்திருந்த பாய் இதையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ஒரே அம்பாரம் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். மிச்சத்த அப்படியே நம்ம கடைக்குக் கொண்டாந்துடு. சீசன் முடியிறவரைக்கும் வாராவாரம் போடு. ஆனா இதே கலர்ல இருக்கணும். கலர் மாறிச்சுன்னா எனக்கு வேணாம்."

இன்றைக்கும் எந்த விளம்பரத்தையும் நான் இரண்டு தடவை படிக்கிறேன். முதலில் சொல்லியிருப்பதை, பிறகு சொல்லாமல் விட்டதை. இரண்டாவது வாசிப்பில் கண்டுபிடித்த பிறகும் பல தடவை வாங்கியிருக்கிறேன். அம்மாவின் மகள்தானே.

சாயங்காலம் வீட்டில் மாமா எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். அப்பா சிரிக்கத்தான் செய்தார். பாய் கேட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "தரை காஞ்சு இறுகிடுச்சுப்பா. இனிமே வெள்ளையாத்தான் வரும்."

"வெள்ளைய எல்லாரும் விக்கிறாங்களே," என்றார் மாமா, சுவரைப் பார்த்தபடி.

"வெள்ளைய வெள்ளைன்னு எழுதி விக்கத் தெரியாதாடா உனக்கு?" என்று அம்மா கேட்டாள். மாமா மிஞ்சிய நோட்டீசுகளை அடுக்கிக் கட்டத் தொடங்கினார். அம்மா தம்பியை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, வியாழக்கிழமை, அம்மாவோடு நானும் கூழ்த்தூக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பாத்தியில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அப்பா முதலில் கோலை எடுத்தார். பலகையைப் பாத்தியில் இறக்கி, கோலின்மேல் நெஞ்சால் சாய்ந்து, தரைவரை அழுத்தி இழுத்தார். தெளிந்த தண்ணீருக்குள் கறுப்பாக ஒரு கோடு எழுந்து கலங்கியது.

"அப்பா, மண்ணு வருது," என்றேன்.

"வரட்டும்," என்றார், திரும்பாமல்.

அம்மா தூக்கை வரப்பில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அப்பாவுக்கு அன்றைக்குக் கை வலி, பலகையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.