தெருமுனை வரை

ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டு அடுத்த பொம்மையை மடியில் கிடத்துகிறாள் கொளஞ்சி. அச்சிலிருந்து வரும் பொம்மைக்கு இரண்டு விலாவிலும் கோடு துருத்திக்கொண்டு நிற்கும். மண் பச்சையாக இருக்கும்போதே அதைச் சுரண்டித் தேய்த்துவிட வேண்டும். சூளைக்குள் போய் வந்தபின் சாமியே வந்தாலும் போகாது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அதுதான் அவள் வேலை. "ஆடாம இருடி, ஒனக்குத்தான செய்யிறேன்" என்று திட்டிக்கொண்டேதான் தேய்ப்பாள். பிள்ளையாராக இருந்தாலும் அவளுக்கு 'டி'தான்.

வயது ஐம்பதைத் தொடுகிறது. யாராவது முழுப்பெயர் கேட்டால் மட்டும் முகம் சுண்டிவிடும். "கொளஞ்சி. அவ்ளோதான். பின்னால வாலெல்லாம் கெடையாது." பெற்றவர்கள் வைத்தது கொளஞ்சிநாதன். கூட இருந்தவர்கள் சினிமாக்காரிகளின் பெயரைச் சூட்டிக்கொண்டபோது, இவள் பின்பாதியை மட்டும் கழற்றிப் போட்டாள். "எங்கம்மா வாய் நெறயக் கூப்புட்ட பேரு. அத ஏன் வுடணும்?"

சின்ன வயதில் தெருவே அவளை 'ஒம்போது' என்றது. பிறகு அரவாணி என்றார்கள். இப்போது திருநங்கை என்று அட்டையில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். "பேரு நல்லாத்தான் மாறிக்கிட்டு வருது. பஸ்ஸுல எம்பக்கத்து சீட்டுதான் இன்னும் காலியாவே இருக்குது" என்று சிரிப்பாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

அந்தச் சிரிப்பும், அதே மாவட்டத்து மங்களூர் பக்கம், சொந்த ஊரில் அம்மா ராஜாம்பாள் படுக்கையில் விழுந்ததோடு நின்றுபோயிற்று. மூத்த மகன் கோவிந்தராசுவுக்குத் தெரியாமல் போன் பேசிக்கொண்டிருந்த அம்மா அவள். கொளஞ்சிக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. அம்மாவின் சாவுக்கு மகளாகப் போய் நிற்க வேண்டும். அவர்கள் ஊர் வழக்கமோ வேறு மாதிரி. அப்பாவுக்கு மூத்த பிள்ளை கொள்ளி வைத்தால், அம்மாவுக்கு இளைய பிள்ளைதான் வைக்க வேண்டும்.

போன மாதம் சாவுச் செய்தி வந்தது. சேலையில் போய் இறங்கியவளிடம் வாசலிலேயே அண்ணன் வேட்டியை நீட்டினான். மொட்டையடிக்க ஆள்கூட வந்து காத்திருந்தது.

"எளையவன் நீதான். இன்னிக்கி ஒரு நாளைக்கு ஆம்பளையா இருந்துட்டுப் போயேன்."

"வேற எது கேட்டாலும் செய்யிறேண்ணே. மவளா ஒரு புடி வாய்க்கரிசி போட வுடு, போதும்."

"அப்பக் கிட்ட வராத."

பந்தக்கால் ஓரமாகவே நின்றாள். பாடையைச் சுற்றியிருந்த கூட்டத்தில் அம்மாவின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

கொள்ளிச்சட்டியைக் கோவிந்தராசுவே தூக்கினான். தெருமுனையில் வழக்கப்படி பெண்கள் நின்றுவிட, ஆண்கள் பாடையோடு சுடுகாட்டுக்கு நடந்தார்கள். அதில் ஒருவன் திரும்பிப் பார்த்து, "வரலியாடா?" என்று கத்தினான். கொளஞ்சி அசையவில்லை. ஓடிப்போய் ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்க மாட்டோமா என்று மனசு அடித்துக்கொண்டது. இருந்தும் பெண்களோடேயே நின்றாள்.

வீட்டுக்குள் போகும்முன் தலை முழுக வேண்டும். குழாயடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணி பானுமதி குடம் குடமாகப் பிடித்து ஒவ்வொருத்தி தலையிலும் ஊற்றிக்கொண்டே வந்தாள். வரிசையின் கடைசியில் கொளஞ்சியும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பானுமதி நிறைகுடத்தை அவள் முன்னால் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துபோனாள்.

கொளஞ்சி கொண்டையை அவிழ்த்து, குடத்தைத் தானே தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.