முப்பத்தெட்டாம் எண் கார்ஸ்டன்

தியோடருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதுகூட முன்பெஞ்சின் பித்தளைக் குமிழைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டிருப்பார். லிங்கராஜபுரத்து வீட்டில் கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், அடுப்பு பர்னர், பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிள் மணி என்று அவர் கை படாத உலோகம் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் டம்ளரில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போகிறார்கள் என்று மனைவி ரோஸி கேலி செய்வாள்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, எழுபத்தாறில் பெங்களூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் பஃபிங் செக்‌ஷனில் சேர்ந்தவர். சுழலும் துணிச் சக்கரத்தில் உலோகத்தைக் காட்டிப் பளபளப்பாக்குவதுதான் இருபத்தைந்து வருட உத்தியோகம். கறை இருந்தால் ரிஜெக்ட். அங்கே வேறு வேதம் கிடையாது.

தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் குஜிரியில், பழைய சாமான் சந்தையில், பூட்டுகளுக்கு நடுவே ஒரு துப்பாக்கி கிடந்தது. லைசென்ஸ் தேவைப்படாத ஏர் பிஸ்டல். குழலை மடக்கிக் காற்றை அடைத்து, ஈயக் குண்டு ஒன்று போட்டுச் சுடுவது. பிடியில் ‘கார்ஸ்டன்’ என்று கம்பெனிப் பேர் வெட்டியிருந்தது. குழலை மடக்கியபோது அது இறங்கிய நேர்த்தியில் தியோடர் சொக்கிப்போய் வாங்கிவிட்டார். மனுஷன் அதுவரை எதன்மேலும் ஆசை வைத்ததில்லை. வைத்ததும் மொத்தமாக வைத்துவிட்டார்.

அந்தப் பைத்தியம் தனக்கு மட்டும் பிடித்ததல்ல என்று சீக்கிரமே தெரிந்தது. அவர் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற நோயல் ஐந்து கார்ஸ்டன்கள் வைத்திருந்தார். மல்லேஸ்வரத்தில் மருந்துக்கடை நடத்தும் சந்திரனிடம் மூன்று. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நோரா மிஸ்ஸிடம் ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்றுக்காக மற்றவர்கள் தங்களுடையதை எல்லாம் கொடுத்துவிடுவார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு, சர்ச் முடிந்ததும் நோயல் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். மேஜையில் வெள்ளைப் போர்வை விரித்து, துப்பாக்கிகளைக் குழல் மடங்கிய நிலையில் அடுக்குவார்கள். உள்ளே குண்டு இல்லை என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். கடைசியில் இரவல். அந்த மாதம் யாருடைய முறையோ அவருடைய துப்பாக்கி ஒன்று இன்னொருவர் வீட்டுக்கு ஒரு மாதம் போய் வரும். யாருக்கு என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். மூத்தவர் என்பதால் சீட்டு எடுப்பது எப்போதும் நோரா மிஸ். கண்ணாடிக்குள் பூட்டி வைத்துப் பார்க்க இது என்ன மியூசியமா, கூட வாழ்ந்தால்தான் ஒரு துப்பாக்கியைத் தெரியும் என்பது நோயலின் கட்சி.

ஒன்பது வருடத்தில் எல்லார் துப்பாக்கியும் தியோடர் வீட்டுக்கு வந்து போயின. நோரா மிஸ்ஸுடையது மட்டும் வரவில்லை. அவள் முறை வரும்போதெல்லாம் சீட்டு நோயலுக்கு விழும், அல்லது சந்திரனுக்கு. தன் ராசி அப்படி என்று தியோடர் நினைத்துக்கொண்டார்.

நோரா மிஸ்ஸின் அப்பா கன்டோன்மென்ட் கிளப் ஒன்றில் ஸ்டோர்கீப்பர். ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவர் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. எண் 38. கம்பெனி முதலில் செய்த நூறு துப்பாக்கிகளுக்கு மட்டும் பழுப்பு நிறம் ஏற்றினார்கள், பிறகு கறுப்புக்கு மாறிவிட்டார்கள். அந்த நூறில் தப்பிப் பிழைத்தவற்றையும் துரு என்று நினைத்து ஆளாளுக்குச் சுரண்டிவிட்டார்கள். அசல் பழுப்போடு மிஞ்சியவை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். வெளிநாட்டில் கார்ஸ்டன் பிரியர்கள் ஒரு பதிவுப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர்களைக் கண்டுபிடித்தவர் சந்திரன். முப்பத்தெட்டின் படத்தை அனுப்புங்கள், அரைப் பக்கம் ஒதுக்குகிறோம் என்று பதில் வந்திருந்தது. ஜூலைக் கூட்டத்தில் படம் எடுப்பதாக முடிவாயிற்று.

இரண்டாயிரத்தொன்று ஜூன் மாதம் அதே முப்பத்தெட்டுக்கான சீட்டு தியோடருக்கு விழுந்தது. வருத்தம் என்னவென்றால், அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தொழிற்சாலையில் பஃபிங் செக்‌ஷனை மூடி, எல்லாரையும் விருப்ப ஓய்வில் அனுப்பியிருந்தார்கள். காலை ஏழு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு போக இடமில்லாத மனிதரின் கையில் அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.

முதல் பத்து நாள் ஒழுங்காகத்தான் இருந்தார். காலையில் எடுத்துப் பார்ப்பார், எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பார், அரை மணி கழித்து மறுபடி எடுப்பார். பதினோராம் நாள், விசைக்கு மேலே பழுப்புக்குள் ஒரு மிளகளவு சிவப்பு தெரிந்தது. அது நிஜமான துரு. மழைக்காலம் வேறு. விட்டால் உள்ளே தின்றுவிடும் என்று பயந்தார். பயம் நியாயமானதுதான்.

எண்ணெய் விட்டுத் துணியால் தேய்த்தார். போகவில்லை. சொரசொரப்பான பழைய எமரி பேப்பரில் நகத்தளவு கிழித்து, தொட்டும் தொடாமலும் இழுத்தார். துரு போயிற்று. அந்த இடத்தில் வெள்ளிப் பொட்டு ஒன்று கண்ணைக் குத்தியது. அதன் ஓரத்தைப் பக்கத்துப் பழுப்போடு சேர்க்கலாம் என்று லேசாக இழுத்தார், பொட்டு காசளவு ஆயிற்று. அதன் ஓரத்தைச் சேர்க்கப் போனார், உள்ளங்கை அளவு ஆயிற்று. பஃபிங்காரன் கைக்கு ஓரம் என்றால் ஆகாது. எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தார், விடை கிடைக்கவில்லை. பின்கட்டில் சில்லறை வேலைக்கு வைத்திருந்த மோட்டாரை ஓடவிட்டதும், துணிச் சக்கரத்துக்குப் பாலிஷ் சோப்பு தடவியதும் அவருக்கு நினைவிருக்கிறது. தான் செய்வது என்ன என்ற நினைப்பு மட்டும் இல்லை.

மாலையில் துப்பாக்கி ஜொலித்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அந்த ஒரு நிமிஷம் தியோடருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் சந்தோஷம். அப்புறம்தான் அது நோரா மிஸ்ஸின் முப்பத்தெட்டு என்று உறைத்தது.

அதிலிருந்து வீட்டில் அவர் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வாசலுக்குப் போவார், பின்கட்டுக்கு வருவார். சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவார். நோயல் வீட்டுத் தெருமுனை வரை இரண்டு தரம் போய், பால் வாங்க வந்தவர் மாதிரி பால் பாக்கெட்டோடு திரும்பினார். சொன்னால் அந்த மேஜையில் இடம் போய்விடும். தொழிற்சாலையும் போன பிறகு அவரைத் தேடுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் வேறொரு புத்தி வந்தது. உலோகத்தின் நிறத்தை எடுக்கத் தெரிந்தவனுக்கு ஏற்றவும் தெரியும். தன் சொந்தக் கார்ஸ்டன் ஒன்றைப் பலி கொடுத்துச் சோதனை செய்தார். வினிகரும் உப்பும் தடவித் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டெடுத்து, தேய்த்து, மறுபடி தடவி. சமையலறைப் பாத்திரம் போயிற்று.

ரோஸி வாசற்படியில் நின்று பார்த்தாள். “துருவ எடுக்கறதுக்கு இருபத்தஞ்சு வருஷம் சம்பளம் வாங்குனீங்க. இப்ப துருவ பயிர் பண்றீங்களா?” என்றாள்.

சோதனை பலித்திருந்தது. அடுத்த ஒரு வாரம் முப்பத்தெட்டுக்கு அதே சிகிச்சை, கடைசியில் மெழுகுப் பூச்சு. கை படும் இடத்தில் நிறம் தேய்ந்திருந்ததைக்கூட நினைவிலிருந்து கொண்டுவந்தார். பழுப்பு, பழைய பழுப்பு. வாழ்நாளில் இதைவிட நல்ல வேலை அவர் செய்ததில்லை. இதைப் பாராட்ட ஒரு ஆள் இருக்க முடியாது என்பதுதான் கொடுமை.

ஜூலைக் கடைசி ஞாயிறு போர்வை விரிந்தது. சந்திரன் கேமராவோடு வந்திருந்தார். நோயல் துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்திரமாக வைத்திருக்கிறாய் என்று தியோடரின் தோளில் தட்டினார். தப்பித்துவிட்டோம் என்று தியோடர் ஒரு மூச்சு விட்டார். படம் எடுத்தாகிவிட்டது. அனுப்ப வேண்டிய விவரத்தை எழுதுவதுதான் பாக்கி.

நோரா மிஸ் துப்பாக்கியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தியோடரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“தியோ, உன்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்பா. இந்த ஒன்பது வருஷத்துல உன் பேரு எத்தனையோ வாட்டி வந்துச்சு. நான்தான் யாருக்கும் தெரியாம திரும்ப உள்ள போட்டுட்டு வேற சீட்டு எடுத்தேன். பாலிஷ் போடற கை, சும்மா இருக்காதுன்னு பயம். போன மாசம் உனக்கு வேலை போச்சுன்னு கேட்டு மனசு கேக்கல. குடுத்துட்டேன். குடுத்துட்டு மாசம் பூரா தூக்கம் இல்ல. நான் உன்ன தப்பா நினைச்சுட்டேன்.”

நோயலும் சந்திரனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒன்பது வருட ஏமாற்றுக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வர வேண்டிய நேரம் அது. தியோடருக்குக் கோபம் வரவில்லை. அவமானம் மட்டும் காதுவரை ஏறியது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

“நீங்க நினைச்சது சரிதான் மிஸ்” என்றார். “இது உங்க பழுப்பு இல்ல. நான் ஏத்துனது.”

துரு, எமரி பேப்பர், சக்கரம், வினிகர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். நோயல் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். சந்திரன் கேமராவை உறைக்குள் போட்டு மூடினார். நோரா மிஸ் அழவில்லை, திட்டவும் இல்லை. துப்பாக்கியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். அப்பாவின் அலமாரி வாசனை அதில் இருக்குமாம், இப்போது புது மெழுகு வாசனைதான் வருகிறது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். தியோடருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அவள் மேஜையில் கிடந்த காகிதத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எழுது. எண் முப்பத்தெட்டு. ரெண்டாயிரத்தொண்ணு ஜூன் வரைக்கும் அசல் நிறம். அதுக்கப்புறம் சுரண்டி, புதுசா பழுப்பு ஏத்துனது. யாரு செஞ்சாங்கன்னு எழுது.”

“என் பேரு வேணுமா மிஸ்?”

“வேணும். வேலை அவ்வளவு சுத்தமா இருக்கு. நாளைக்கு எவனாவது பாத்து அசல்னு ஏமாந்துடக் கூடாது.”

தியோடர் எழுதினார். தன் பேர் வரும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அவர் தெருவிலேயே இன்னொரு தியோடர் இருந்தார், தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் சாது மனிதர். பழி அவர்மேல் விழுந்துவிடக் கூடாதென்று தகப்பன் பேரையும் வீட்டு எண்ணையும் முழுதாகச் சேர்த்து எழுதி, நோரா மிஸ்ஸிடம் கொடுத்தார்.