ரத்தம் எடுப்பவள் படித்த நாவல்

ஊசி பிடிக்கிற நம்மைப் பார்த்து யாரும் சந்தோஷமாகக் கையை நீட்டுவதில்லை; என்னைப் போல லேபில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எனக்கு ராமநாதபுரத்தில் வேலை. வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வில் தோற்றபோது, "பழைய நாவலாப் படிம்மா, வார்த்தை சேரும்" என்றார் கோச்சிங் சார். பழைய புத்தகக் கடையில் கிடைத்ததோ, ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனின் கதை!

அட்டைப்படம்

திருப்பாலைக்குடியிலிருந்து மீன்பிடிக்கிற அண்ணன் ஒருவர் சுகர் பார்க்க வந்தார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு ஊசியைப் பிரித்தேன். மேஜையில் கிடந்த புத்தகத்தின் அட்டையில் கோரைப்பல்லும் சிவப்புச் சொட்டும். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். இங்கிலீஷ் படிக்கத்தான் என்று எவ்வளவோ சொன்னேன்.

"என்னைய வெறும் வயித்தோட வரச் சொன்னீக, சரி. நீங்க சாப்புட்டீகளா, இல்லையா?"

ஒப்பித்தல்

அந்த நாவலில் பக்கத்துக்குப் பக்கம் சாவுச் சாமான்கள். மனப்பாடமாக வேண்டுமே! வரவேற்பு மேஜையில் இருக்கும் செல்வி ஆங்கில வார்த்தையை மெதுவாகச் சொல்ல, நான் உள்ளே ரத்தம் எடுத்தபடியே தமிழில் அர்த்தம் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. "பிணம்! சவப்பெட்டி! கல்லறை!" என்று கத்திக்கொண்டிருந்தேன். நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, அதுக்குள்ளயா ரிசல்ட்டு வந்துருச்சு?"

வெளுப்பு

கதையில் ஒரு பெண் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போவாள். அதற்கு 'பேலர்' என்று ஒரு வார்த்தை. எத்தனை தரம் அகராதியைப் புரட்டினேனோ! வாலிநோக்கத்திலிருந்து ஒரு மாமியார் சுகர் பார்க்க வந்தபோது, துணைக்கு வந்த மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உப்பளத்து வெயிலில் முகம் கறுத்திருந்ததால் வெளுப்பு யாருக்கும் தெரியவில்லை. உதட்டைப் பார்த்ததும் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை.

"அவளுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கா" என்று மாமியார் மல்லுக்கு நின்றார். விடாமல் சண்டைபோட்டு ரத்தம் எடுத்தேன். ஹீமோகுளோபின் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள்.

சில வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். மருமகள் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கூட வந்தவளப் படுக்க வச்சுட்ட. என் சுகர் ரிசல்ட்டு எங்க, ஆத்தா?"

மறுபடியும் தேர்வு

என் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார், தேர்வு வைத்த அம்மையார். நாவல்தான் வாயில் வந்தது. விடியும் வேளையில் மனிதர்கள் பசியோடு என்னிடம் வருகிறார்கள், நான் அவர்கள் ரத்தத்தை எடுத்துக்கொள்கிறேன், சிலர் மயங்கிச் சாய்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினேன். அம்மையார் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார்.

"உங்கள் ஆங்கிலம் அருமை, ஆனால் என்ன வேலை பார்ப்பதாகச் சொன்னீர்கள்?"

எப்படியோ தேறிவிட்டேன், இத்தனை பாடுபட்டுக் கற்ற ஆங்கிலத்தில் வெளிநாடு போய் நான் தினமும் சொல்லப்போவது "விரலை மடக்குங்க, வலிக்காது" என்பதை மட்டும்தான்.