முகத்துக்கு முன் கையைப் பார்ப்பவர்கள்

பிள்ளைகள் வார்ட்டில் வேலை செய்யும் தாதியின் முகத்தை யாரும் முதலில் பார்ப்பதில்லை. கையில் ஊசி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முகம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு இந்த உத்தியோகம். உங்கள் பிள்ளைக்கு ஊசி போடும்போது அதன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மறுபக்கம் திருப்பியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்; பிள்ளையின் கண்ணுக்கு நாம் இருவருமே ஊசிக்காரர்.

ஐஸ்கிறீம் வாங்க வந்தவள்

வெள்ளவத்தையிலிருந்து வரும் அஸ்வினிக்கு ஆறு வயது. தலசீமியா. மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். அன்றைக்கு அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, வார்ட் கதவின் கைபிடியைப் பிடித்தவள் விடவே இல்லை. ஐஸ்கிறீம் வாங்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அவர் ஓட்டோவில் ஏற்றியிருக்கிறார். கையைப் பிரித்தெடுக்கச் சிற்றூழியர் ஒருவர் வந்தார். நான் வேண்டாம் என்றேன்.

அவளை இறக்கிவிடச் சொல்லி, பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். ஊசி இருக்கிறது. முதலில் கையில் ஒரு கிரீம் பூசுவோம், அது தோலை விறைக்கப் பண்ணும், அதற்குக் கொஞ்ச நேரம் செல்லும். பிறகும் சின்னதாக நோகலாம். அப்பாவின் மடியிலேயே இருக்கலாம், யாரும் அமத்திப் பிடிக்க மாட்டோம்.

அவள் யோசித்துப் பார்த்துவிட்டுத் தானே உள்ளே நடந்தாள். ஊசி ஏறும்போது சவர்க்காரக் குமிழி ஊதிக்கொண்டிருந்தாள். ஒரு தரம் முகம் சுளித்தாள், அவ்வளவுதான். நொந்ததா என்று கேட்டேன். அப்பாவைப் பார்த்தபடி சொன்னாள்:

"கொஞ்சம்தான். அப்பா பொய் சொன்னதுதான் கூட நொந்தது."

நல்ல பிள்ளை

பிரணவன் ஹெவ்லொக் டவுன் பையன், எட்டு வயது. அப்பென்டிக்ஸ் ஒப்பரேசன் முடிந்து படுத்திருந்தான். அழுகை இல்லை, முறைப்பாடு இல்லை. வார்ட்டே அவனை நல்ல பிள்ளை என்றது. சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரைந்த ஒரு படம் எங்களிடம் இருக்கிறது. எவ்வளவு நோகிறது என்று பிள்ளைகள் தொட்டுக் காட்டுவார்கள். இவன் ஒவ்வொரு முறையும் சிரிக்கிற முகத்தையே தொட்டான்.

ஆனால் அவனுடைய கை படுக்கை விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தது. அம்மா போனை நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து மெல்லக் கேட்டேன். நோகுது என்று சொன்னால் இன்னொரு ஊசி குத்துவீர்கள்தானே என்றான். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அப்படித்தான் நடந்ததாம். கையில் ஏற்கெனவே போட்டிருந்த குழாயைக் காட்டி, மருந்து இதற்குள்ளால்தான் போகும், புதுக் குத்து இல்லை என்றேன். அவன் விரல் மெதுவாக ஊர்ந்து கடைசி முகத்தில், அழுகிற முகத்தில் போய் நின்றது.

டொக்டரைக் கேட்டு மருந்தைக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் விரிப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது; போனைத் தரச் சொல்லிக் கேட்டான். அம்மா போனைக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை எண்டு சொல்லித்தான் அவன்ர வாயை அடைச்சிட்டம் போல."

கட்டு மாற்றும் அறை

சுடுதேநீர் கொட்டிக் கால் வெந்த ஷிமார் தெமட்டகொடையிலிருந்து வந்தான். முன்பு வேறோர் இடத்தில், புண்ணில் ஒட்டிக் காய்ந்த கட்டை நனைக்காமல் அப்படியே உரித்திருக்கிறார்கள். எங்கள் அறை வாசலைக் கண்டதுமே அலறினான். அதனால் நோவுக்கான மருந்தை முன்கூட்டியே கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருந்தோம். கட்டை நன்றாக நனைத்து ஊறவிட்டு, ஓரத்தை அவனையே உரிக்கச் சொன்னேன். நிறுத்து என்று அவன் சொன்ன இடத்தில் எல்லாம் நிறுத்தினேன்.

முன்பெல்லாம் தாய் தகப்பனை வெளியே அனுப்பிவிடுவோம். இப்போது உள்ளேயே வைத்துக்கொள்கிறோம். அவனுடைய வாப்பா ரயில் பெட்டி திருத்துகிறவர், கதவை நிறைக்கிற உடம்பு. கட்டின் கடைசிச் சுற்று கழன்றபோது மனுஷன் வேர்த்து வெளிறி, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். ஷிமார் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"மிஸ், எனக்கு அவ்வளவு நோவல்ல. நீங்க வாப்பாட கையப் புடிங்க."

இப்போதெல்லாம் வேலை முடிந்து பஸ்ஸில் உட்காரும்போது காதில் பிள்ளைகளின் அலறல் அவ்வளவாக இல்லை. ஐஸ்கிறீம் வாங்கப் போகிறோம், நல்ல பிள்ளை என்று பெரியவர்கள் நாங்கள் சொல்லிவைத்தவைதான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.