கனகாவின் எட்டுத் தட்டுகள்

ஒத்தக்கடைக்குப் பின்னால், வயலை மனையாக்கி விற்ற புதுக் குடியிருப்புகளில் ஒன்றில், மூன்றாவது தெருவில் இருக்கிறது கனகாவின் வீடு. விலாசமெல்லாம் தேவையில்லை. பண்டிகை நெருங்குகிற நாளில் தெருமுனையில் நின்று மூச்சை இழுத்தால் போதும். வெண்ணெயும் ஏலக்காயும் வேகிற வாசனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

கனகாவுக்கு நாற்பத்தொரு வயது. பொதுப்பணித் துறையில் வரைவாளர். பகலெல்லாம் மதகுக்கும் கால்வாய்க்கும் கோடு போடுகிற கை அவளுடையது. திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்த ஆண்டிச்சாமிக்கும் மலையம்மாளுக்கும் ஒரே மகள். பசுமலையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஒரு டிசம்பர் மாதம் விடுதிக் காப்பாளர் அவள் கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். நட்சத்திர வடிவம், ஓரமெல்லாம் வெள்ளைச் சீனிக் கோடு, முனைக்கு முனை ஒரு சிவப்புப் புள்ளி. தின்ன மனசு வராமல் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் தூங்கினாள். விடிந்து பார்த்தால் எறும்பு முந்திக்கொண்டிருந்தது. அந்த ஒரு பிஸ்கட்டைத்தான் இவள் இருபது வருஷமாகத் திரும்பத் திரும்பச் சுட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கேலி செய்வார் கணவர் தமிழ்மாறன்.

கேலி செய்தாலும் அச்சு செய்து கொடுப்பவர் அவர்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலை சொல்லிக் கொடுக்கிறவர். தகரப் பட்டையை வளைத்துப் பற்றவைத்து, சித்திரைக்குச் சாமி ஏறி வருகிற குதிரை, ஆடிக்கு வேப்பிலை, கார்த்திகைக்கு அகல்விளக்கு, தைக்குப் பொங்கல் பானை என்று வருஷம் முழுக்க அச்சு தயார். மாவை அச்சில் வெட்டி, ஓவனில் சுட்டு, ஆறவிட்டு, அரைத்த சீனியைப் பாலில் குழைத்து, பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி அதில் நிரப்பி அவள் கோடு இழுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். மூச்சுகூட விடுகிறாளா என்று சந்தேகமாக இருக்கும். பிறகு எல்லாம் மின்விசிறிக்கடியில் வரிசையாகக் காயும். அன்றைக்கு அந்த அறையில் யாரும் தும்மக் கூடாது.

எட்டு வீட்டுக்கு எட்டுத் தட்டு. எட்டில் ஒரு வீடு சுத்த சைவம் என்பதால் எதிலுமே முட்டை கிடையாது. அந்த ஒரு வீடு, பக்கத்து வீடு. கல்யாணராமன் வங்கியில் அதிகாரி, அவர் மனைவி ராஜஸ்ரீ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குடிவந்த முதல் வாரமே ராஜஸ்ரீ நல்ல சிரிப்போடு கனகாவிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னாள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் சொன்னாள். அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் ராஜஸ்ரீ எதிலும் குறை வைக்கவில்லை. சிரிப்பார், நலம் விசாரிப்பார், கனகாவின் மகளுக்குக் கணக்கில் சந்தேகம் என்றால் காம்பவுண்டுச் சுவரருகே நின்றே தீர்த்து வைப்பார். கொடுத்த தட்டை வெறுமனே திருப்பித் தந்ததும் இல்லை. இரண்டு ஆப்பிளோ, ஒரு சீப்புப் பழமோ, கொஞ்சம் சீனியோ அதில் இருக்கும். கூடவே, "ரொம்ப அழகா இருந்தது கனகா" என்பார். மூன்று வருஷமாக அழகு, அழகு, அழகு. ருசியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மற்ற ஏழு வீட்டுக்காரர்கள் அழகைக் கவனித்ததே இல்லை. கடுசு, பல்லு போகுது என்பார்கள், கருகல் என்பார்கள், நாலே நாலுதானா என்பார்கள்.

அந்த வீட்டில் தான் செய்ததைச் சாப்பிடுகிறார்களா, இல்லையா? கனகாவுக்கு இந்த ஒன்று தெரிந்தாக வேண்டும். கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதனாலேயே அந்த வீட்டுத் தட்டுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் செலவழிப்பாள். ராஜஸ்ரீ அன்று காலை வாசலில் போட்ட புள்ளிக்கோலத்தைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து மனதில் பிடித்துக்கொண்டு, அதையே பிஸ்கட்டின் மேல் குட்டியாகப் போடுவாள். இப்படிப் போய் அல்லாடுகிறோமே என்று தன் மேலேயே அவளுக்குக் கோபமும் வரும். கோபம் வந்தாலும் கோலத்தில் ஒரு புள்ளி தப்பாது.

இந்த வருஷம் கார்த்திகை. கனகா அன்றைக்குத் தண்ணீரும் பாலும் தவிர வேறெதையும் தொட மாட்டாள், சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் சாப்பாடு. லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே மாவு பிசைய உட்கார்ந்தாள். வழக்கமான வெண்ணெய் கடையில் இல்லையென்று தமிழ்மாறன் உப்புப் போட்ட வெண்ணெயை வாங்கி வந்திருந்தார். வாங்கியவர் அதைச் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டவள் அட்டையைப் படிக்கவில்லை. போதாக்குறைக்கு, அவள் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், உதவுகிறேன் பேர்வழி என்று அவர் மாவில் ஒரு கரண்டி உப்பு போட்டார். திரும்பி வந்து அவளும் ஒரு கரண்டி போட்டாள். வேறு நாளாக இருந்தால் முதல் ஈடு வெந்ததும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்திருப்பாள். விரதம். வீட்டில் மற்றவர்களுக்கும் உத்தரவு, விளக்கேற்றுவதற்கு முன் ஒருத்தரும் வாயில் வைக்கக் கூடாது.

அகல்விளக்குகள் அதுவரை வராத அழகில் வந்திருந்தன. செம்மண் நிறத்தில் விளக்கு, மஞ்சளில் சுடர், விளிம்பில் வெள்ளைப் புள்ளி. பொழுது சாய்வதற்குள் எட்டுத் தட்டும் எட்டு வீடு போய்ச் சேர்ந்தன.

விளக்கேற்றி, சாமி கும்பிட்டு, முதல் கடி கடித்ததும் கனகாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, உப்பு. துப்பிவிட்டு நிமிர்வதற்குள் எதிர்வீட்டு பஸ் டிரைவர் செல்வக்குமார் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, மாவைக் கடல்ல முக்கி எடுத்தியா? எங்க வீட்டுல எல்லாரும் வரிசையா நின்னு வாய் கொப்பளிக்கிறோம்!"

"அய்யோ அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. விரதம், ருசி பாக்கல."

"விரதம் நீ இருந்துட்டு தண்டனைய எங்களுக்குக் குடுக்கிறியே தாயி!"

அடுத்தடுத்து மூன்று வீட்டிலிருந்து போன். தெருவே சிரித்தது, கனகாவும் சிரித்துச் சிரித்து மன்னிப்புக் கேட்டாள். அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ராஜஸ்ரீயின் செய்தி வந்தது. "விளக்கு பிஸ்கட் ரொம்ப டேஸ்ட்டா இருந்தது கனகா. ஆத்துல எல்லாரும் விரும்பிச் சாப்பிட்டோம். தேங்க்ஸ்."

கனகாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தமிழ்மாறன் போனை வாங்கிப் படித்தார்.

"மரியாதைக்குச் சொல்லிருப்பாங்க, விடு."

"மரியாதைக்குன்னா நல்லா இருந்துச்சும்பாக. இதப் போயி யாராச்சும் விரும்பித் திம்பாகளா? வாயிலயே வைக்கல. மூணு வருசமா வைக்கல." "நான் எம்புட்டுக் கிறுக்கி. கோலத்தப் பாத்துப் பாத்துப் போட்டேன்."

தமிழ்மாறன் அடுப்படிக்குப் போனார். தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவள் நாலு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினாள்.

மறுநாள் காலை, ராஜஸ்ரீ வழக்கம்போல் தட்டைத் திருப்பித் தர வந்தார். தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம். வழக்கம்போல் வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"ரொம்ப நன்னா இருந்தது கனகா."

"உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னாகளே மாமி?"

"இல்லையே! சரியாத்தான் இருந்தது."

கனகா தட்டை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். டப்பாவிலிருந்து ஒரு அகல்விளக்கை எடுத்து வந்து, அவர் கண் முன்னால் இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினாள். மறு பாதியை நீட்டினாள்.

"சண்டைக்கு நிக்கல மாமி. எங்க வீட்டுத் தட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க, இனிமே அனுப்பல. வேணும்னா இத ஒரு வாய் தின்னுட்டு நெசத்தச் சொல்லுங்க."

நழுவ நினைத்தால் ஆயிரம் சாக்கு உண்டு. பல் வலி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, இப்போதுதான் காபி குடித்தேன். ராஜஸ்ரீயின் உதடு எதையோ சொல்லத் தொடங்கியது. பிறகு முகம் முழுக்கச் சிவந்தது. கையை நீட்டி வாங்கினார். வாயில் போட்டு இரண்டு தரம் மென்றார். கண்கள் விரிந்தன.

"ஐயோ! ஒரே உப்பு கனகா!"

"ஆமா மாமி."

"வாயில வைக்க முடியலையே."

"அதத்தான் நேத்து தெருவே சொல்லுச்சு."

ராஜஸ்ரீ தரையைப் பார்த்தார். "நாங்க சாப்பிடல. இதுவரைக்கும் ஒரு தடவைகூட..." மேலே பேச முடியவில்லை, உப்பு தொண்டையைப் பிடித்து இருமல் வந்துவிட்டது. கனகா ராத்திரி படுக்கையில் ஒத்திகை பார்த்து வைத்த வசனம் பாக்கி இருந்தது. இருமுகிறவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"கொஞ்சம் தண்ணி தாங்கோ."

எவர்சில்வர் டம்ளரில் கொண்டு வந்து கொடுத்தாள். ராஜஸ்ரீ பழக்கப்படி அண்ணாந்து குடிக்க டம்ளரை உயரத் தூக்கினார். இருமல் விடவில்லை, தண்ணீர் கழுத்தில் சிந்தியது. டம்ளரை இறக்கினார். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு உதட்டில் வைத்து, மடமடவென்று அடிவரை குடித்தார்.

"இன்னொரு டம்ளர்" என்றார்.

கனகா வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள். ராஜஸ்ரீ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, படியேறி, அவள் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தார்.